படிக்கட்டும் சட்டமும்

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி கொழும்பில் ஓர் அதிவிசேட வர்த்தமானி வெளிவந்தது. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் யாவும், நடக்கவியலாதாரும் பார்வையற்றாரும் தாமே புகுந்து தாமே வெளிவரத்தக்கனவாக அமைதல் வேண்டும். முன்னரே கட்டப்பட்டவை 3 ஆண்டுகளுள் அவ்வாறு திருத்தப்படுதல் வேண்டும். இதுவே அதில் விதிக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின் சாரம். வன்னியில் அதனை அன்று படித்தார் மிகச் சிலராகவே இருந்திருப்பர். முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அரசின் ஆட்சிக்குப் புறம்பாய்ப் போரின் வாயிலில் நின்றன. 3 ஆண்டுத் தவணை முடிந்த 2009 ஒக்டோபரிலோ, அந்நிலத்துக் கட்டடங்களிற் பல கூரையிழந்து கிடந்தன. மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிற் கூடாரங்களின் கீழ் இருந்தனர். அவருட் பலர் காலிழந்தும் கையிழந்தும் கண்ணிழந்தும் முள்ளந்தண்டு முறிந்தும் இருந்தனர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வவுனியா நகர் நீங்கலாக, வன்னிப் பெருநிலத்தில் இன்று நாம் காணும் பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், வங்கி, பேருந்து நிலையம், புகையிரத நிலையம் ஆகியவற்றிற் பெரும்பாலானவை 2009இன் பின்னர்ப் புதிதாக எழுந்தவை. அன்றேல் அடியோடு புதுக்கப்பட்டவை. சட்டம் முந்தியது, கட்டடம் பிந்தியது. கண்டியிலோ காலியிலோ உள்ள ஓர் அதிகாரி, "இது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், இடித்துத் திருத்தப் பணமில்லை" என்று சொல்லித் தப்பலாம். கிளிநொச்சி அதிகாரிக்கு அந்தச் சாட்டு இல்லை. உறுப்பிழந்தோர் தடையின்றி நடமாடுதற்குரிய மாவட்டங்களுள் இலங்கைத் தீவிலேயே இவை முதன்மையானவையாக விளங்கியிருத்தல் வேண்டும். விளங்கவில்லை. ஏன் என்பதே எம் கேள்வி.

சட்டத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மேற்கூறிய ஒழுங்குவிதிகளுக்குத் தாய், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, உடற்குறையைக் காரணங்காட்டி ஒருவருக்கு வேலை மறுத்தலும் கல்விநிலையத்தில் அனுமதி மறுத்தலும் ஆகா என்கின்றது. பிறர் செல்லும் கட்டடத்திற்கும் இடத்திற்கும் அவர் செல்லுதலைத் தடுத்தலும் ஆகாது என்கின்றது. 24ஆம் பிரிவு, அவ்வாறு மறுக்கப்பட்டவர் தாம் வாழும் மாகாணத்து மேல் நீதிமன்றில் மனுச்செய்து பரிகாரம் பெறலாம் என்று வழிகாட்டுகின்றது. 2003இல் அமைச்சரவை ஒரு தேசியக் கொள்கையையும் ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையில் இலங்கை 2007இற் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை முறைப்படி ஏற்றது. ஆகவே ஏட்டிற் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை.

ஏட்டை வீதிக்குக் கொண்டுவந்த பெருமை ஒரு தனிமனிதருக்கு உரியது. கலாநிதி அஜித் பெரேரா இரசாயன அறிஞர். கிரிக்கெட் நடுவராகவும் விளங்கியவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின்மீது வீதியோரத்து மரமொன்று முறிந்து வீழ்ந்தது. அன்று முதல் அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். ஒழுங்குவிதிகள் உறங்குவதைக் கண்டு 2009இல் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்து, தாமே முன்னின்று வாதாடினார். 2011 ஏப்ரல் 27இல் நீதிமன்றம், புதிதாக எழும் பொதுக்கட்டடம் ஒவ்வொன்றும் இவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் எனவும், அமையாதவற்றுக்குத் தகுதிச் சான்று வழங்கலாகாது எனவும் கட்டளையிட்டது. கட்டளையும் உறங்கக் கண்டு அவர் மீண்டும் நீதிமன்றஞ் சென்று, 2019இல் இன்னொரு கட்டளை பெற்றார். 2020இற் காலமானார். அவர் தமிழர் அல்லர். வன்னிக்கென வழக்காடியவரும் அல்லர். ஆயினும் 2011இன் பின் வன்னியில் எழுந்த ஒவ்வொரு பொதுக்கட்டடத்திற்கும் அவர் பெற்ற கட்டளை பொருந்தும்.

இனிக் கட்டடங்களைப் பார்ப்போம். சாய்தளம் இல்லை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் உண்டு. ஆனால் அதை அமைத்தவர் எவரும் சக்கர நாற்காலியில் ஒருமுறையேனும் அமர்ந்து பார்த்தவரல்லர் என்பது கண்டவுடன் தெரியும். நாற்காலியில் வருவோர் தம் கைவலியாலேயே ஏறத்தக்க சாய்தளத்திற்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு 1க்கு 12 என்பது. அஃதாவது, விறாந்தை ஒன்றரை அடி உயரமாயின் சாய்தளம் 18 அடி நீளம் இருத்தல் வேண்டும். வன்னியில் மாரிவெள்ளத்திற்கு அஞ்சி அத்திவாரத்தை உயர்த்துவது வழக்கமாதலின் 2 அடி உயரமும் உண்டு. அதற்கு 24 அடி. யான் கண்ட பலவற்றின் நீளம் 6 அடியைத் தாண்டாது. அவை சாய்தளமல்ல, சறுக்குமரம். வேறு சில, அளவிற் சரியாயிருந்தும் மணலிலே சென்று முடிகின்றன. முல்லைத்தீவுக் கரையோர மணலிற் சக்கரம் உருளாது என்பதை அறிய எந்திரவியல் படிக்க வேண்டியதில்லை. இன்னுஞ் சில, எப்பொழுதும் பூட்டிக் கிடக்கும் பக்கக் கதவுக்கு இட்டுச் செல்கின்றன. திறவுகோல் யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றொருவரைக் காட்டுவார். மலசலகூடத்தின் கதவு நாற்காலியின் அகலத்தினும் ஒடுங்கியிருப்பதோ மிகச் சாதாரணம். இவ்வாறு கட்டியவர்மேல் தீயெண்ணம் ஏற்றுவதற்கில்லை. வரைபடத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று விதி சொல்லிற்று, இழுத்தார்கள்.

பாடசாலையைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையிற் சற்று விரித்துக் கூறுதல் தகும். 5 வயது முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம் என்னும் விதி 1998 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை 16 ஆயிற்று. கட்டாயம் என்பது பெற்றோருக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிட்டோம். பிள்ளை வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அரசு, வந்த பிள்ளை வகுப்பறைக்குட் புகத்தக்க வாயிலை அமைத்தற்கும் அதே அளவிற் கடமைப்பட்டதன்றோ? மேலும், பாடசாலையே தேர்தற் காலத்தில் வாக்குச்சாவடி ஆகின்றது. தமக்கு விருப்பமான ஒருவரைத் துணையாக அழைத்துச் சென்று வாக்களிக்கும் உரிமையை 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் சிறப்பேற்பாடுகள் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அளித்தது. ஒரே படிக்கட்டு பிள்ளையின் கல்வியையும் தந்தையின் வாக்கையும் ஒருங்கே தடுக்கின்றது.

போரிற் காலிழந்த ஒரு குழந்தையை எண்ணுக. 2009இல் அதற்கு 5 வயது. வளரும் பிள்ளையின் எலும்பு நீளுந்தோறும் பொய்க்காலை மாற்றுதல் வேண்டும். சிறுவருக்கு ஆண்டுக்கொரு முறையேனும், வளர்ந்தோருக்குச் சில ஆண்டுக்கொரு முறையும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் ஆற்றிவரும் தொண்டு இல்லையேல் எத்தனையோ பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருப்பர். அந்தக் குழந்தை இன்று வாலிபப் பருவம் எய்திவிட்டது. உயர்தரமோ பட்டமோ முடித்து வேலை தேடுகின்றது. பொய்க்கால் கொடுப்பது தொண்டு. வேலை கொடுப்பதோ வேறு.

வேலையைப் பற்றியும் ஒரு விதி உண்டு. 1988ஆம் ஆண்டின் 27/88ஆம் இலக்கப் பொதுநிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, தகைமையுடைய மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்புக என்றது. 1988 என்பதை வாசகர் கவனிக்க. ஒரு தலைமுறை தாண்டிவிட்டது. இங்கே இலக்கணம் சற்றுத் துணைபுரியும். சட்டம் என்பது அனைவரையும் நோக்கிய ஏவல். சுற்றறிக்கை என்பது ஓர் அலுவலகம் தன் கீழுள்ளோரை நோக்கி எழுதும் அறிவுறுத்தல். முன்னதை மீறினால் மன்றேறலாம். பின்னதை மீறினால் இன்னொரு சுற்றறிக்கை வரும்.

அரசியலமைப்பினை நோக்கினாலும் இதே வேறுபாடு தோன்றும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையில், சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்று தொடங்குகின்றது. அடுத்து, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்று வரிசைப்படுத்தி, இவை காரணமாக எவருக்கும் ஓரங்காட்டலாகாது என்கின்றது. அவ்வரிசையில் உடற்குறை இல்லை. அதே உறுப்புரையின் நான்காம் கூற்றில், பெண்கள், பிள்ளைகள், உடற்குறையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்திற்குச் சிறப்பேற்பாடு செய்தலை எதுவும் தடுக்காது என வருகின்றது. செய்தல் வேண்டும் என்று அன்று. செய்தால் தடையில்லை என்று. அவர்களை உதவி பெறத்தக்கவராக அரசியலமைப்பு காண்கின்றது. மறுக்கப்படலாகாதவராக வெளிப்படப் பேர் சொல்லிக் காணவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லின் தளர்ச்சியே கீழ்நோக்கிச் சுற்றறிக்கைவரை இறங்கிவருகின்றது என்பது எம் கருத்து.

இத்தளர்ச்சி அரசிடத்து மட்டும் உள்ளதன்று. நம் மொழியிலும் உண்டு. குருடர், செவிடர், முடவர் என்றோம். பின்னர் அங்கவீனர் என்றோம். வலதுகுறைந்தோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர் என மேலும் மேலும் பெயர் மாற்றினோம். தமிழ்நாடு 2010இல் அரசுத்துறையின் பெயரிலேயே மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை நிறுத்தியது. வன்னியில் அம்மக்களிற் பலர் தம்மை அப்பெயராற் குறிக்கக் கேட்டிருத்தலின் யானும் அதனையே ஆள்கின்றேன். ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பதே பண்பு. எனினும், இச்சொற்கள் யாவும் குறையையோ திறனையோ ஒருவருடைய உடம்பிலேயே வைத்துப் பேசுகின்றன. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் முகவுரையோ, உடற்குறையும் சூழலின் தடையும் மோதுமிடத்திற் பிறப்பதே இயலாமை என்று கொள்கின்றது. அக்கொள்கைப்படி குறை பாதி படிக்கட்டில் இருக்கின்றது. படிக்கட்டின் குறையைச் சுட்டும் ஒரு சொல் நம்மிடம் இன்னும் இல்லை.

பழைய இலக்கியத்திற் புகலிடம் தேடுவோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உறுதிப்பொருள் உரைக்கையில், குருடு, கூன், ஊமை, செவிடு முதலாக எட்டு வகைக் குறைகளை எண்ணி, அவ்வாறு பிறந்தார்க்குப் பயனில்லை என முன்னோர் கூறினர் என்கின்றார். நச்சினார்க்கினியரே வந்து வேறு பொருள் உரைப்பினும் அக்கருத்தை இன்று ஏற்பதற்கில்லை. அதே மரபிலேதான், காலில்லாதவரைக் கண்ணில்லாதவர் தோளிற் சுமந்து ஊரூராகச் சென்று பாடிய இரட்டைப்புலவரும் உளர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் யாழ்ப்பாணத்துப் பரராசசேகரன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் என்பது செவிவழி வரலாறு. அவர்களைச் சொல்லி நாம் பெருமைப்படுகின்றோம். பெருமைதான். ஆனால் கவி பாடத் தெரியாத பார்வையற்றவர்க்கு எந்த அரசன் என்ன கொடுத்தான்? பரிசில் திறமைக்குக் கிடைப்பது. உரிமை பிறப்பினாற் கிடைப்பது. நம் மேடைகளில் இவ்விரண்டும் இன்றுவரை மயங்கியே வழங்குகின்றன. சக்கர நாற்காலியில் வந்து பரிசு பெற்ற மாணவனுக்கு மாலையிட்டுக் கைதட்டுகின்றோம்; அவனை நால்வர் தூக்கி மேடையேற்றியதை எவரும் பேசுவதில்லை.

மாதக் கொடுப்பனவு பற்றியும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். 2024இல் 7,500 ரூபாயாயிருந்த மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவை 10,000 ரூபாயாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வகைசெய்தது. வரவேற்கத்தக்கது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் படுக்கைப்புண் வராமற் காக்கும் மெத்தைக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் மருந்துக்கும் செலவிட்டபின் அதில் எஞ்சுவது என்ன என்பதை அவர் வீட்டார் அறிவர். இங்கே சொல்ல அஞ்சும் ஒரு வேறுபாடும் உண்டு. மிதிவெடி, சிப்பாயின் காலையும் விறகு பொறுக்கச் சென்றவளின் காலையும் பிரித்தறியாது. சட்டம் பிரித்தறிகின்றது. படைவீரர் நலனுக்கென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. குடிமக்களின் இழப்புக்கென இழப்பீட்டு அலுவலகம் சட்டமாயிற்று. அது 2018இல், போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின். படைவீரர் பெறுவது மிகை என்பது எம் கருத்தன்று. ஒரே புண்ணுக்கு இரண்டு அளவுகோல் இருத்தலாகாது என்பதே. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தபோது, வெடியாற் பாதிக்கப்பட்டோரைப் பேணும் கடமையையும் சேர்த்தே ஏற்றது. அக்கடமையிற் சீருடை பற்றிய பேச்சில்லை.

ஆயின் வன்னி மக்கள் ஏன் மன்றேறவில்லை என்று வினவலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்தல் வேண்டும். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். முல்லைத்தீவிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். படியேற முடியாதவரைப் பேருந்துப் படியேறி வந்து, "என்னாற் படியேற முடியவில்லை" என முறையிடச் சொல்வதில் உள்ள நகைமுரண் தெளிவு. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அம்மாதத்துள் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்குங்காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. அவ்வாணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே உண்டு. இதனை அறிந்தார் சிலர்.

இதனினும் அணித்தானது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு காட்டும் வழி. மாகாண மேல் நீதிமன்றம் வவுனியாவில் இருக்கின்றது. வடக்கிலுள்ள நீதிமன்றங்களின் மொழி தமிழ் என அரசியலமைப்பே கூறுகின்றது. ஆகவே மனுவைத் தமிழில் எழுதலாம், தமிழில் வாதாடலாம், தீர்ப்பைத் தமிழிற் கேட்கலாம். நம் காலத்தில் மொழியுரிமை பற்றி எத்தனை மேடைகள் கண்டோம்! அம்மொழியைக் கொண்டு பெறத்தக்க ஓர் உரிமை கைக்கெட்டும் தூரத்திற் கிடப்பதை அம்மேடைகளில் எடுத்துச் சொன்னார் அரியர்.

முயல்வோர் இல்லாமலில்லை. மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் கூடி இயங்கும் உயிரிழை அமைப்பும், வவுனியாவில் வரோட் நிறுவனமும் ஆற்றும் பணி யாவரும் அறிந்தது. ஆயினும் உணவு, மருந்து, சக்கர நாற்காலி, சுயதொழில் என்பவற்றுக்கு அலைவதிலேயே இத்தகைய அமைப்புகளின் பொழுது கழிந்துவிடுகின்றது. வழக்குரைஞரைத் தேடிப் போக எஞ்சும் நேரம் குறைவு. புலம்பெயர்ந்த நம்மவரும் பொதிகளையும் நாற்காலிகளையும் மனமுவந்து அனுப்புகின்றனர். ஒரு மனுவின் செலவை ஏற்றுக்கொண்டார் உளரேல் அவர்க்கு எம் வணக்கம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2025 ஏப்ரலில், உள்ளூராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத்திருத்தங்கள் நிறைவேறின. பிரதேச சபையின் கூட்ட மண்டபத்தில் ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தால், அடுத்த கட்டடத்தின் சாய்தளம் 6 அடியாக இராது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அஃதாவது 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமோர் இடர்ப்பாடு உடையோர். இத்துணைப் பேரின் வாக்கைக் கேட்டுவரும் கட்சிகள் இவர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்கக் கூசுவானேன்?

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டா. கணித வகுப்பில் சாய்வு என்னும் பாடம் வருங்கால், அளவுநாடாவுடன் மாணவரை வெளியே அழைத்துச் சென்று, தம் பாடசாலையின் சாய்தளத்தையும் அயலிலுள்ள பொதுக்கட்டடங்களின் சாய்தளங்களையும் அளக்கச் செய்யலாம். உயரம் எத்தனை, நீளம் எத்தனை, கதவின் அகலம் எத்தனை என எழுதி, ஊர்வாரியாகத் தொகுத்து வைத்தால், மனுச்செய்ய விரும்பும் ஒருவருக்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை. கட்டடம் 2006இன் பின்னர் எழுந்ததா, 2011ஆம் ஆண்டுக் கட்டளையின் பின்னர் எழுந்ததா என்பதும் வழக்கிற்கு இன்றியமையாதது. அதைத் தேடி எந்தக் கோப்பையும் புரட்ட வேண்டியதில்லை. வாயிலில் பதித்த கல்லில் திறந்துவைத்த நாளும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். திறந்துவைத்தவரின் பெயரும் பெரிய எழுத்தில் அங்கேயே இருக்கும்.